கால்கரியில வளவு வச்ச வீடு கட்டலாமா?

பள்ளத்தூர்ப் பேத்தி
வணக்கம். தம்பி கனடாவுல கால்கரியில இருக்கான், ஊருக்கு வெளிய இடம் வாங்கிட்டான், வீடு கட்டப்போறான். மைனஸ் இருபதுக்குக் கீழயெல்லாம் போற ஊரு, கேஸ் பில்லைப் பாத்து வெறுத்துப்போயி, முடிஞ்சவரைக்கும் வெயிலை வச்சே வீட்டைச் சூடாக்கணும்ங்கிறான். ஆனா ஆசை என்னன்னா நடுவுல நம்ம வீட்டு வளவு மாதிரியே முற்றம் வேணுமாம், மேல கண்ணாடி போட்டு மூடிட்டா வெயிலும் வரும் பனியும் விழாதுன்னு கணக்கு, தரைக்கு ஆத்தங்குடி கல்லு. "ஆச்சி, நீ அங்க யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லு"ன்னு என் தலையில கட்டிட்டான். அப்பச்சி வேற கிழக்குப் பாத்த வாசல்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக. இது நடக்குமா?

கொத்தனார் மவன், காரைக்குடி
முற்றத்தை மறந்துருங்க ஆச்சி. நம்ம ஊர்ல வளவு எதுக்கு, சூடான காத்து மேல எழும்பி வானத்துக்குப் போகத்தானே, அதையே அங்க கட்டினா கேஸ் காசும் சேந்து வானத்துக்குப் போகும்.

கண்ணாடிக் கூரை அதைவிட மோசம். கால்கரி 51 டிகிரி வடக்குல இருக்கு, டிசம்பர் உச்சி வெயிலே அடிவானத்துலேந்து 15, 16 டிகிரிதான் ஏறும், நம்ம காரைக்குடியில அதே நாள்ல 56 டிகிரி. அவ்ளோ தாழ்வா வர்ற வெயில் படுத்துக்கிடக்குற கண்ணாடியில சறுக்கிட்டுப் போயிடும், தெக்குச் சுவர்ல நிமுந்து நிக்கிற கண்ணாடியிலதான் நேரா விழும். கோடையில வெயில் 62 டிகிரிக்கு ஏறிரும், அப்ப கூரைக் கண்ணாடி வீட்டை வேகவச்சிரும், தெக்குச் சன்னலுக்கோ ஒரு தாழ்வாரம் நீட்டினா நிழல் கெடச்சிரும். தாழ்வாரம் நமக்குப் புதுசா என்ன.

இன்னொன்னு, போன்ல உள்ள காம்பஸைப் பாத்து தெக்கு பிடிக்கவேணாம். அந்த ஊர்ல காந்தத் தெக்குக்கும் நிஜத் தெக்குக்கும் பத்து டிகிரிக்கு மேல வித்தியாசம். உச்சி நேரத்து நிழலை வச்சுப் பாக்கச் சொல்லுங்க.

பழைய பட்டாளம், தேவகோட்டை
நான் லடாக்குல லே ஊர்ல இருந்தவன் தங்கச்சி, ராத்திரி தண்ணி பக்கெட்டோட உறைஞ்சுபோகும். அங்க பல வீட்ல தெக்குப் பக்கத்து மண் சுவருக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சு, முன்னாடி கொஞ்சம் இடைவெளி விட்டுக் கண்ணாடி வச்சிருப்பாங்க. ட்ராம்ப் சுவர்னு பேரு. பகல்ல வாங்கின சூடு சுவருக்குள்ள மெல்ல நகந்து ராத்திரிதான் உள்பக்கம் வந்துசேரும், தொட்டா வெதுவெதுன்னு இருக்கும். அதைக் கட்டச் சொல்லுங்க.

கால்கரி கண்டனூரான்
அண்ணே சொல்றது லடாக்குக்குச் சரி, அது 34 டிகிரி வடக்குலதான் இருக்கு, வெயிலும் பலமா அடிக்கும். இங்க டிசம்பர்ல பகலே எட்டு மணி நேரம்தான், அந்தச் சுவருக்கு வெளிய வெறும் கண்ணாடிதான்ங்கிறதால மிச்ச பதினாறு மணி நேரமும் வாங்கின சூட்டை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். நான் வேணாம்னுதான் சொல்லுவேன்.

தம்பிகிட்ட சொல்லுங்க, கண்ணாடிக்கு முன்னாடி சுவரைப் பாக்கணும். பக்கத்து மாகாணத்துல ரெஜைனாவுல 1977-லயே ஒரு வீடு கட்டிக் காமிச்சாங்க, சுவர் ஒரு அடி தடிமன், உள்ள முழுக்க இன்சுலேஷன், காத்து புகாத மாதிரி சந்தெல்லாம் அடைப்பு, பழைய காத்தோட சூட்டைப் பிடிச்சு உள்ள வர்ற புதுக் காத்துக்குக் குடுக்க ஒரு மெஷின். அந்த மெஷின் இல்லாம வீட்டை மூடிட்டீங்கன்னா ஒரு நாள் கருவாடு வறுத்தா ஒரு வாரம் மணக்கும், அனுபவம்.

அதுக்கப்புறம் தெக்குல கண்ணாடி, மூணு அடுக்கு, தரைப் பரப்புல 7 சதவீதம் வரைக்கும். அதுக்கு மேல போனா சூட்டை வாங்கி வச்சுக்க உள்ள கனமான தரையோ சுவரோ வேணும், அப்பவும் 12-ஐத் தாண்டவேணாம், இல்லன்னா பிப்ரவரியிலயே பனியன் போட்டு உக்காரணும். ஆத்தங்குடி கல்லு அதுக்குத் தோதுதான், சிமென்ட் கல்லுதானே, கீழ நாலு இஞ்ச் கான்கிரீட், அதுக்கும் கீழ தெர்மாகோல் மாதிரி தடிமனான ஃபோம், வெயில் விழுற இடத்துல கருஞ்சிவப்பா பாத்துப் போடணும். மேல கார்ப்பெட் விரிச்சா அம்புட்டும் வீண்.

வளவு ஆசைக்கு ஒரு வழி இருக்கு. நடுவுல வேணாம், அதைத் தெக்கு ஓரத்துக்கு இழுத்து நீளமா ஒரு ஆளோடி மாதிரி வைக்கட்டும், ரூம்பு எல்லாம் அதுக்குப் பின்னாடி. கார் ஷெட்டு, ஸ்டோர் ரூம்பு வடக்க.

பள்ளத்தூர்ப் பேத்தி
அப்பச்சிகிட்ட வாசல் கிழக்க, சன்னல்தான் தெக்கன்னு சொன்னேன், கொஞ்சநேரம் பேசாம இருந்துட்டு சரின்னுட்டாக. தம்பிக்கு ஆளோடி ரொம்பப் பிடிச்சிருச்சு. இப்ப புதுசா ஒண்ணு கேக்குறான், பழைய வீட்டுல கழட்டி வச்ச பர்மா தேக்குத் தூண் நாலு கெடக்கு, அதை அனுப்பினா ஆளோடியில நிறுத்தலாமான்னு. வெயிலை மறைக்காதுல்ல?

கொத்தனார் மவன், காரைக்குடி
கண்ணாடியை ஒட்டி நிறுத்தாம உள்பக்கமா ரூம்பு வரிசையில நிறுத்தச் சொல்லுங்க, ஒண்ணும் மறைக்காது. குளிர்கால ஹீட்டர் காத்துல மரம் காஞ்சு வெடிப்பு விடும், அதுக்குத்தான் பாத்துக்கணும். கப்பல் செலவைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க ஆச்சி.