நாலு பேர் டாக்குமெண்டேஷன் டீம்: லீட் எதை முதலில் கற்றுக்கொள்வது?

புது_லீட்
சாஃப்ட்வேர் கையேடுகள் எழுதும் சீனியர் ரைட்டராக இருந்து இப்போது நாலு பேருக்கு லீட். ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலை) இரண்டு வாரம். எல்லா டிராஃப்டையும் நானே திருத்துவதால் வேறெதற்கும் நேரமில்லை. டெவலப்பர்கள் ரிவ்யூவை ரிலீஸுக்கு முந்தின நாள்தான் தருகிறார்கள். மேலிடமோ மாதம் எத்தனை பக்கம் என்று கேட்கிறது. எங்கிருந்து தொடங்க?

ஓரக்குறிப்பு
திருத்தி எழுதுவதை நிறுத்துவதிலிருந்து. வாக்கியத்தை நீங்களே மாற்றினால் மாறியது தெரியும், ஏன் என்பது எழுதியவருக்குத் தெரியாது. அடுத்த டிராஃப்டிலும் அதே பிழை வரும். கமெண்ட் மட்டும் போடுங்கள். அதிலும் தகவல் பிழை, ஸ்டைல் கைடு (எழுத்து நடை விதிகள்) மீறல், என் ரசனை என்று பிரித்துக் குறியுங்கள். முதலிரண்டும் கட்டாயம். மூன்றாவதை எழுதியவர் தள்ளிவிடலாம் என்று டீமில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் கமெண்டுகளில் பாதி ரசனையாக இருந்தால், சிக்கல் டிராஃப்டில் இல்லை.

ஒரே கமெண்ட் மூன்றாம் முறை வந்தால் அதை விதியாக்குங்கள். கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டைல் கைடை அப்படியே எடுத்துக்கொண்டு, நீங்கள் விலகும் இடங்களை மட்டும் இரண்டு பக்கத்தில் எழுதினால் போதும். சொந்தமாக நூறு பக்கம் எழுதினால் யாரும் திறக்க மாட்டார்கள். சொல் சீர்மையை ‘வேல்’ (Vale) போன்ற லின்டர், அதாவது விதி மீறலைத் தானாகக் காட்டும் கருவி, பார்த்துக்கொள்ளும். ஆனால் எடுத்ததுமே எல்லா விதியையும் ‘எரர்’ ஆக்காதீர்கள். பழைய பக்கங்களில் பிழைகள் குவியும், ஆளாளுக்கு லின்டரையே அணைத்துவிடுவார்கள். ‘வார்னிங்’கில் தொடங்கி, பழையதைச் சரிசெய்த பின் ‘எரர்’ ஆக்குங்கள்.

முதல் வாசிப்பு சக ரைட்டருடையது. டேட்டா அழிப்பு, அப்கிரேடு, செக்யூரிட்டி பக்கங்கள் மட்டும் உங்களிடம் வரட்டும்.

ரிலீஸ்_நோட்ஸ்
ரிவ்யூ தாமதம் பாதி நாம அனுப்புற விதத்தால வர்றது. நாற்பது பக்கத்தை அனுப்பி ‘பார்த்துச் சொல்லுங்க’ன்னா யார் பார்ப்பாங்க? ஒரு தடவைக்கு அஞ்சு பக்கம், ஒரு தேதி, ரெண்டு மூணு கேள்வி: ‘டைம்அவுட் செகண்டா, மில்லிசெகண்டா?’, ‘நாலாவது ஸ்டெப் ஃபெயில் ஆனா பழைய நிலைக்கு ரோல்பேக் ஆகுமா?’ ஒரே ஒருத்தர் பேருக்கு அனுப்புங்க. ரெண்டு பேருக்குப் போனா அவர் பார்ப்பார்னு இவர் விட்டுடுவார்.

டாக் டிக்கெட்டை (ஆவண வேலைக்கான பதிவு) ஃபீச்சர் டிக்கெட்டோட லிங்க் பண்ணி, டாக் ரிவ்யூ முடிஞ்சாத்தான் ஃபீச்சர் ‘டன்’, அதாவது முடிஞ்சதுன்னு டெவ் லீடை ஒத்துக்க வைங்க. டெவலப்பர்கிட்ட தனித்தனியா கெஞ்சுறது பலிக்காது. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் யூஐ ஃப்ரீஸுக்கு (திரை வடிவம் இனி மாறாதுன்னு முடிவாகுறது) அப்புறம்தான்.

அளவுகோல்
பக்கக் கணக்குக் கொடுத்தால் பக்கம்தான் பெருகும். ஒரே விஷயம் மூன்று இடத்தில் வரும். ஃபீச்சருடன் சேர்ந்தே வெளியான ஆவணங்கள் எத்தனை, டாக் பக் (ஆவணப் பிழை) மூடப்பட எத்தனை நாள், ஆவணத்தில் விடை கிடைக்காமல் வந்த சப்போர்ட் டிக்கெட் எத்தனை என்று காட்டுங்கள். டீம் அளவில் மட்டும். ஆள்வாரியாகப் பிரித்தால், சிக்கலான மாட்யூலை எழுதுபவர் பெயரில் பக் கூடுதலாகத் தெரியும். பிறகு அதை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.

புது_லீட்
சக ரைட்டர் வாசிப்பில் ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டுமே வந்தால்?

ரிலீஸ்_நோட்ஸ்
படிக்கச் சொல்லாதீங்க, செய்யச் சொல்லுங்க. டெஸ்ட் சர்வர்ல டிராஃப்டை மட்டும் வெச்சு ஒவ்வொரு ஸ்டெப்பா பண்ணட்டும். மாட்டிக்கிற இடத்துல கமெண்ட் தானா வரும்.