கேட்வே: ‘நுழைவாயில்’ வேண்டாம், ‘கடப்பு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் வலையமைப்பு அமைப்புப் பக்கத்துக்கான நம் தமிழாக்க வரைவில் கேட்வேக்கு (ஒரு வலையிலிருந்து வெளியே போகும் தரவை வாங்கி அனுப்பும் கருவிக்கு) ‘நுழைவாயில்’ என்றும், டிஃபால்ட் கேட்வேக்கு ‘இயல்புநிலை நுழைவாயில்’ என்றும் இருக்கின்றன. இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குழுவில் வந்த ‘கடவை’, ‘முகவரி மாற்றும் வாயில்’ என்ற முன்மொழிவுகளுக்கும் கீழே பதில் சொல்கிறேன். போன சனிக்கிழமைதான் இதன் குறை எனக்குப் புரிந்தது.

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் என் வீட்டு முன்னறையில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய மூன்று பழைய கணினிகள் உண்டு. அயல் பிள்ளைகள் வந்து பழகுவார்கள். அன்று ரவுட்டரிலிருந்து கம்பி இழுத்து, முகவரிகளைக் கையாலேயே இடச் சொன்னேன். முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் டிஎச்சிபி தானாகக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு உள்ளே நடப்பது தெரியாமலே போய்விடும். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை கணினியின் முகவரியாக 192.168.1.12 என்று இட்டாள், எந்த முகவரிகள் தன் வலைக்குள் இருக்கின்றன என்று காட்டும் 255.255.255.0 என்பதையும் பிழையின்றி இட்டாள். ‘நுழைவாயில்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டாள். பக்கத்துக் கணினிக்கு பிங் என்ற சோதனைச் செய்தி போய்த் திரும்பியது. வெளி இணையத்திலுள்ள 8.8.8.8க்கு அனுப்பினால் வலையமைப்பை எட்ட முடியவில்லை என்று வந்தது. ஏன் நிரப்பவில்லை என்று கேட்டேன். “என் கணினிக்குள் யாரும் நுழையத் தேவையில்லையே மாமா, நான்தானே வெளியே போகப் போகிறேன்” என்றாள்.

அவள் தமிழைச் சரியாகத்தான் வாசித்தாள். நாம் கொடுத்த சொல்தான் அவளைத் தவறான பக்கம் திருப்பியது.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையானாலும் மேற்கே படுவான்கரையானாலும் எங்கள் ஊர்களில் வளவை, அதாவது வீட்டுக் காணியைச் சுற்றி வேலி இருக்கும். வேலியில் ஆள் போய்வர விட்ட இடம் கடப்பு. வருகிறவரும் அதால் வருவார், போகிறவரும் அதால் போவார். சொல்லிலேயே இரு திசையும் இருக்கிறது. இதைவிட முக்கியமான பொருத்தம் ஒன்றும் உண்டு. அடுப்படியிலிருந்து கிணற்றடிக்குப் போக யாரும் கடப்புக்குப் போவதில்லை. வளவுக்கு வெளியே போக வேண்டும் என்றால்தான் கடப்பு. லினக்ஸ் கணினியும் அப்படியே செய்கிறது: போக வேண்டிய முகவரி 192.168.1 என்று தொடங்கினால் நேரே அனுப்பிவிடுகிறது, இல்லையென்றால் 192.168.1.1 என்ற கடப்பிடம் கொடுக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இதைச் சொன்னபோது வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தானே கட்டத்தை நிரப்பினாள்.

அடுத்தது ‘டிஃபால்ட்’. ‘இயல்புநிலை’ என்றால் பழுதில்லாத நிலை என்று படுகிறது. ஐபி ரூட் கட்டளை காட்டும் வழிகளின் பட்டியலில் டிஃபால்ட் என்று தொடங்கும் வரி சொல்வது வேறு: குறிப்பிட்ட வழி எதுவும் எழுதப்படாத எல்லா முகவரிகளுக்கும் இதுவே வழி. இலக்கணம் படித்தவர்களுக்கு இது பழகிய ஒழுங்கு. சிறப்புவிதி இருக்கும் இடத்தில் சிறப்புவிதி, மற்ற இடமெல்லாம் பொதுவிதி. ஆகவே ‘பொதுக்கடப்பு’ என்று முன்மொழிகிறேன். அலுவலக வலைக்கென்று தனி வழி எழுதினால் அது சிறப்புக்கடப்பு ஆகும். அந்த வலைக்குப் போகும் பொதிகளுக்கு, அதாவது தரவுத் துண்டுகளுக்கு, பொதுக்கடப்பு வேலை செய்யாது.

‘கடவை’ என்று எழுதிய அண்ணனுக்கு: பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை எல்லாம் ஒரு பாதையை இன்னொன்று குறுக்கே வெட்டும் இடங்கள். இங்கே அந்தக் குறுக்கு வெட்டு இல்லை. ஓர் எல்லையும் அதில் ஒரு திறப்பும்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டு வாசகருக்குக் கடப்பு புரியுமா என்று கேட்ட ஐயாவுக்கு: கடவுச்சொல்லும் கடவுச்சீட்டும் புரிந்தவருக்கு இதுவும் புரியும். ‘கட’ என்ற வினை எல்லோருக்கும் சொந்தம்.

‘முகவரி மாற்றும் வாயில்’ என்ற முன்மொழிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டு ரவுட்டர் முகவரியை மாற்றுவது உண்மை. 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் 192.168 வரிசையைத் தனியார் வலைகளுக்கென ஒதுக்கியது. அந்த முகவரிகளோடு ஒரு பொதி இணையத்தில் போய்த் திரும்ப முடியாது. அதனால் ரவுட்டர் தன் வெளி முகவரியை இட்டு அனுப்பி, பதில் வந்ததும் உரிய கணினியிடம் சேர்க்கிறது. ஆனால் அது நாட் (வலை முகவரி மாற்றம்) என்ற தனி வேலை. ஒவ்வொரு கணினிக்கும் இணையத்தில் செல்லுபடியாகும் பொது முகவரி உள்ள நிறுவனத்திலும் கடப்பு இருக்கும், முகவரி மாற்றம் இருக்காது. ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகளை அடைத்தால் பிறகு பிரிக்க முடியாமல் தவிப்போம்.

கடப்பில் போடும் கதவான படலையின் பெயரை, வேண்டாத பொதிகளைத் தடுக்கும் தீயரணுக்கு (ஃபயர்வாலுக்கு) வைக்கலாமே என்றும் ஆசை வருகிறது. தீயரண் ஊன்றிவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம். ரவுட்டர் திசைவியா வழிப்படுத்தியா என்பதைத் தனி மடலில் பேசுவோம்.

உடன்பட்டால் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கட்டத்தின் பெயரைப் ‘பொதுக்கடப்பு’ என்று மாற்றி, கீழே இந்த உதவி வரியையும் சேர்க்கிறேன்: “இந்த வலைக்கு வெளியே போகும் பொதிகளை வாங்கி அனுப்பும் கருவியின் முகவரி.”