ஓவியம் படிக்கும் பிள்ளைகளோடு பேசியதுண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டைக்காரர்:
நம் பக்கத்துப் பிள்ளைகள் ஓவியம் படிக்கப் பெரும்பாலும் கும்பகோணத்துக்கோ சென்னைக்கோதான் மூட்டை கட்டுகிறார்கள். அப்படிப் போன நான்கு பேர் விடுமுறையில் இங்கே ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கிக் கண்காட்சி வைத்திருந்தார்கள். மூன்று பேருடையது சுமார் (படித்தால் கோபிப்பார்கள், பரவாயில்லை). நான்காவது, ஒரு பாய்.

பத்தமடையில் கோரையைப் பிளந்து ஆற்றில் ஊறப்போட்டு நெய்வார்கள் அல்லவா? இந்தப் பெண் ஒரே கட்டுக் கோரையைப் பிரித்து, பாபநாசம், சேரன்மகாதேவி, கொக்கிரகுளம், ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணியின் போக்கிலேயே ஊறவைத்திருக்கிறாள். சாயம் கிடையாது. பாபநாசத்துப் பட்டை வைக்கோல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. நகரத்துச் சாக்கடை கலக்கும் கொக்கிரகுளத்துப் பட்டை பழுப்பேறி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து கிடந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் வாடைகூட இருந்தது.

சுவரில் ஒட்டியிருந்த விளக்கமோ 'நீர்மையின் நினைவடுக்குகள்' என்று தொடங்கி அரைப்பக்கம் ஓடியது. எனக்கு எரிச்சல். இப்படி எழுதினால்தான் மதிப்பெண் போடுவார்கள் போலும். நேரில் கேட்டபோது தெளிவாகச் சொன்னாள்: "ஆற்றை நான் வரைந்தால் எனக்குப் பிடித்த நிறத்தைத்தான் பூசுவேன், அண்ணாச்சி. ஆறே பூசட்டும் என்று விட்டுவிட்டேன்."

நெய்து கொடுத்த பத்தமடை அம்மாவும் வந்திருந்தார். கறை பட்ட கோரையைத் தறியில் ஏற்ற மாட்டேன் என்று முதலில் மறுத்தாராம். பாயை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இதில் யார் படுப்பார், மகளே?" என்றார். அங்கே வந்த பெரிய மனிதர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் இருக்கும் சுவரோவியங்களில் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் ஒன்று உண்டு. அதன்முன் நோட்டும் பென்சிலுமாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். போர்க்காட்சியை வரையவில்லையா தம்பி என்றேன். "ராஜாவை எல்லோரும் வரைந்தாயிற்று சார். இத்தனை குதிரைக்கும் நடுக்கடலில் தண்ணீர் காட்டியவன் யார் என்று பார்க்கிறேன்" என்றான். நோட்டில் குதிரையே இல்லை. பக்கம் முழுக்க வாளி பிடித்த கைகள்.

தென்காசிக்காரர்:
அந்தப் பாய் விலைக்குக் கிடைக்குமா?

பாளையங்கோட்டைக்காரர்:
கேட்டேன். கல்லூரியில் காட்டி மதிப்பெண் வாங்கிய பிறகுதான் பேச்சாம். கும்பகோணம் பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடுவாரோ என்பதுதான் அவளுடைய இப்போதைய கவலை.