கொடுவா ஈரல் வெளுத்திருக்கு, எடையும் ஏறல – லிவர் டானிக் போடலாமா?

உப்பனாற்றங்கரை:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். சீர்காழிக்குக் கிழக்கே உவர்நீர்க் குட்டையில கொடுவா விட்டிருக்கேன். மீன் அரைக் கிலோ சுமாருக்கு வந்து அப்படியே நிக்குது. முதல்ல மிதவைத் தீவனம் மட்டும்தான் போட்டேன். மூட்டை விலை ஏறினதால இப்போ பாதி தீவனம், பாதி துறைமுகத்துல வாங்கற கழிசல் மீன் (மத்தி, காரல்). எடை சீக்கிரம் வரட்டும்னு தீவனத்து மேல மீன் எண்ணெயும் தெளிக்கிறேன்.

போன வாரம் ரெண்டு மீனை அறுத்துப் பார்த்தோம். குடலைச் சுத்தி வெள்ளையா கொழுப்பு. ஈரல் வெளிர் மஞ்சளா இருக்கு, விரல் பட்டாலே நசுங்குது. சாவு இல்ல, ஆனா வலை இழுத்தா மத்த குட்டை மீனை விட சீக்கிரம் சோர்ந்துடுது.

கடையில ஒரு லிவர் டானிக் காட்டறாங்க. வைட்டமின் இ, செலினியம், கோலின், சிலிமரின், பித்த அமிலம் எல்லாம் இருக்காம். கூடவே ‘வளர்ச்சி ஊக்கி’ன்னு ஒரு பவுடர், அதுல என்ன இருக்குன்னே பாக்கெட்ல போடல. எதை வாங்கலாம்?

கரைமேடு:
நான் ஜிலேபி மீன் குட்டைக்கு மஞ்சள்தூளும் கீழாநெல்லியும் அரைச்சு கஞ்சித் தண்ணியில பிசறிக் கொடுப்பேன். மனுஷனுக்கு மஞ்சக்காமாலைக்குக் கொடுக்கறதுதானே, மீனுக்கும் கேக்கும். டானிக்குக்குச் செலவு பண்ணாதீங்க.

தீவன மில் ராசு:
தம்பி, நான் மீன் தீவன மில்லுல கலவைப் பிரிவுல ரொம்ப வருஷம் இருந்தவன். நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு அந்த மீன் எண்ணெய்தான் கண்ணுல பட்டுச்சு. டானிக்கைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல எண்ணெயை நிறுத்துங்க.

கொடுவாவுக்குன்னு செஞ்ச தீவனத்துல புரதம் 40 சதவீதத்துக்கு மேல இருக்கும், கொழுப்பும் கணக்குப் பார்த்துத்தான் சேர்த்திருப்பாங்க. அதுக்கு மேல நீங்க தெளிக்கற எண்ணெய் சதையா மாறாது, குடலைச் சுத்தியும் ஈரலுக்குள்ளயும்தான் போய் உக்காரும். கேன் மூடி திறந்து கொட்டகையில வெயில்படக் கிடந்த எண்ணெயா இருந்தா நிலைமை இன்னும் மோசம். சிக்கெடுத்த எண்ணெய் தீவனத்துல இருக்கற வைட்டமின் இ-யைத் தின்னுடும். உடம்புக் கொழுப்பு கெடாம காக்கறதே அந்த வைட்டமின்தான். எண்ணெய் கூடக்கூட அதோட தேவையும் கூடும். உங்க குட்டையில எண்ணெய் கூடிச்சு, வைட்டமின் குறைஞ்சது.

கழிசல் மீனும் இதே கதைதான். ஐஸ் இல்லாம மதியம் வரை கிடந்த மத்தியோட கொழுப்பும் சிக்கெடுத்ததுதான். அது போக மத்தி, நெத்திலி இனங்கள் பலதுல தயாமினேஸ்னு ஒரு நொதி இருக்கு. பச்சையாப் போட்டா வைட்டமின் பி1-ஐ அது சிதைச்சிடும். வேக வச்சா அந்த நொதி செத்துடும், ஆனா தினமும் யார் வேக வைக்கப் போறாங்க? விலையையும் ஒருதரம் கணக்குப் போடுங்க. கழிசல் மீன்ல முக்கால் பங்கு தண்ணி. அஞ்சாறு கிலோ போட்டாத்தான் ஒரு கிலோ கொடுவா வரும். நல்ல தீவனம் ரெண்டு கிலோவுக்குள்ள முடியும். மூட்டை விலையை மட்டும் பார்த்தா இது தெரியாது.

இப்போ டானிக். அதுல இருக்கற பொருள் எதுவும் பொய் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கு. ஈரல்ல சேர்ந்த கொழுப்பு வெளிய போகணும்னா அதைச் சுமந்துக்கிட்டுப் போக பாஸ்போலிப்பிட்னு ஒரு வகைக் கொழுப்புப் பொருள் வேணும். அதைச் செய்யத்தான் கோலின். சோயா லெசித்தின் கொடுத்தா அந்தப் பாஸ்போலிப்பிட்டே நேரடியாக் கிடைக்கும். பித்த அமிலம் கொழுப்பைச் செரிக்க உதவும். வைட்டமின் இ-யும் செலினியமும் ஜோடியா நின்னு ஈரல் செல்லைக் காக்கும். ஆனா செலினியம் கிலோ தீவனத்துக்கு ஒரு மில்லிகிராம் கூடத் தேவைப்படாது. அளவு மிஞ்சினா அதுவே நஞ்சு. அதனால ரெண்டு கம்பெனி டானிக்கை ஒண்ணாப் போடவே போடாதீங்க.

உங்க குட்டைக்கு நான் சொல்றது: கிலோ தீவனத்துக்கு வைட்டமின் இ 100 மில்லிகிராம், வைட்டமின் சி 200 மில்லிகிராம் அளவுல, பைண்டர் ஜெல்லோட (மருந்தைத் தீவனத்துல ஒட்ட வைக்கற பசை) கலந்து நிழல்ல உலர்த்தி, அன்னன்னைக்கே போட்டு முடிச்சிடுங்க. பெரும்பாலான மீன் சொந்தமா வைட்டமின் சி உண்டாக்கிக்காது. சாதா வைட்டமின் சி சூட்டுலயும் ஈரத்துலயும் சீக்கிரம் கெட்டுப்போகும், பாஸ்பேட் வடிவத்துல கேட்டு வாங்குங்க. கோலின் குளோரைடு வாங்கினா வைட்டமின் பவுடரோட முன்கூட்டியே கலந்து டப்பாவுல வைக்காதீங்க. அது ஈரத்தை உறிஞ்சி பக்கத்துல இருக்கற வைட்டமினை எல்லாம் கெடுத்துடும். மில்லுலயே அதைத் தனி மூட்டையாத்தான் வைப்போம்.

பேர் போடாத அந்த வளர்ச்சி ஊக்கியைத் தொடவே தொடாதீங்க. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் எல்லாம் மீன் வளர்ப்புல தடை செஞ்ச மருந்து. உள்ள என்ன இருக்குன்னு தெரியாத பவுடரைப் போட்ட மீனை நாலு வீட்டுப் பிள்ளைங்க சாப்பிடப் போகுது. இதை எந்தக் குழுவுல கேட்டாலும் நான் இப்படித்தான் சொல்லுவேன்.

கரைமேடு அண்ணே, கீழாநெல்லியையும் மஞ்சளையும் நான் குறை சொல்லல, மீன்ல ஆராய்ச்சியும் நடந்திருக்கு. ஆனா எண்ணெயை ஒரு பக்கம் ஊத்திக்கிட்டே மறுபக்கம் மூலிகை கொடுத்தா ஈரல் எப்படித் தேறும்? அப்புறம், உங்க ஜிலேபிக்குக் கடலைப் புண்ணாக்கு போடறீங்கன்னா பூஞ்சை பிடிச்சதான்னு பார்த்துக்குங்க. புண்ணாக்குல வர்ற அப்ளாடாக்சின்ங்கற பூஞ்சை நஞ்சு ஈரலைத்தான் தாக்கும். 1960-கள்ல அமெரிக்காவுல டிரவுட் மீன் பண்ணைகள்ல கூட்டம் கூட்டமா ஈரல் புற்றுநோய் வந்ததுக்குப் பூஞ்சை பிடிச்ச பருத்திக்கொட்டைப் புண்ணாக்குதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க.

உப்பனாற்றங்கரை:
ரொம்ப நன்றி ராசு அண்ணே. எண்ணெய் இன்னையிலேருந்து நிறுத்தியாச்சு. ஈரல் தேறுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? தீவனத்தையும் குறைக்கணுமா?

தீவன மில் ராசு:
குறைக்கணும் தம்பி. ரெண்டு மூணு நாள் பட்டினி போட்டாலும் அரைக் கிலோ மீனுக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் தினமும் உடல் எடையில ஒன்றரை சதவீதம் தீவனத்துல ஆரம்பிங்க. விடிகாலையில ஆக்சிஜன் குறைவா இருக்கறப்போ போடாதீங்க, வெயில் ஏறட்டும்.

மாதிரி பிடிக்கறப்போ மீன் எடை, ஈரல் எடை ரெண்டையும் தனித்தனியா எழுதி வைங்க. ஈரல் எடையை மீன் எடையால வகுத்து நூறால பெருக்குங்க. 500 கிராம் மீன்ல 15 கிராம் ஈரல்னா 3 சதவீதம். அந்த எண் மாசா மாசம் இறங்கி, நிறமும் பழுப்புச் சிவப்புக்குத் திரும்பினா வழி சரி. நல்லா இருக்கற குட்டை மீனையும் ஒண்ணு அறுத்து ஒப்பிடுங்க.

மீன்வள மாணவி:
ராசு அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். வெளுத்த ஈரல்னா எப்பவும் கொழுப்புன்னு அர்த்தமில்லை. கொடுவா மாமிசம் தின்னும் மீன், மாவுச்சத்தை அதால சரியாப் பயன்படுத்திக்க முடியாது. மாவு அதிகமுள்ள மலிவுத் தீவனம் போட்டா கிளைகோஜன் (உடம்பு சேமிச்சு வைக்கற சர்க்கரை) சேர்ந்தும் ஈரல் பெருத்து வெளுக்கும். திசுப் பரிசோதனையிலதான் ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க முடியும். உயிரோட பிடிச்ச மீனை உடனே அறுத்து, ஈரல்ல மெல்லிய துண்டு எடுத்து 10 சதவீத பார்மலின்ல (திசு கெடாம காக்கற திரவம்) போட்டுடுங்க. ஐஸ்ல உறைய வச்சா திசு சிதைஞ்சு போகும், அதை வச்சு ஒண்ணும் பார்க்க முடியாது. உங்க ஊருக்கு நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம் கிட்ட. சென்னைப் பக்கம் போறதா இருந்தா உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இருக்கு, 1997-ல இந்தியாவுலேயே முதல்முறையா கொடுவாவைச் செயற்கையா இனப்பெருக்கம் செஞ்சது அவங்கதான். போறப்போ தீவன மூட்டையில ஒட்டியிருக்கற சீட்டையும் ஒரு கைப்பிடி தீவனத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணா. அது இல்லாம ஈரலை மட்டும் பார்த்து யாராலும் முழுசாச் சொல்ல முடியாது.