இரைபோசோமைச் சுழற்றினால் திணறுகிறது: எந்த கிராபிக்ஸ் கார்ட் வாங்கலாம்?

மழைக்காரி, ஹட்டன்:
வணக்கம். பேராதனையில் மூலக்கூற்று உயிரியல் இறுதி ஆண்டு படிக்கிறேன். வீட்டில் இருப்பது ஏதோ அலுவலகத்தில் கழித்துவிட்ட சின்ன மெஷின்: ஐ5 எட்டாம் தலைமுறை, 16 ஜிபி ரேம், தனி கார்ட் இல்லை. மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் கைமீராஎக்ஸ் மென்பொருளில் மனித இரைபோசோமை (கலத்தில் புரதம் கட்டும் பொறி), அதாவது 4யூஜி0 என்ற கட்டமைப்புக் கோப்பை, திறந்து சாஃப்ட் லைட்டிங் போட்டால் மவுஸை இழுத்து ஒரு மூச்சு விட்ட பிறகுதான் படம் திரும்புகிறது. அதே மாதிரி மென்பொருளான பைமோலில் ரே (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுத் தரமான படம் வரையும் கட்டளை) கொடுத்தால் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டே வரலாம். விஞ்ஞான வேலைக்கு குவாட்ரோ என்ற தொழில்முறைக் கார்ட் வகைதான் வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பேராதனைப் பழசு:
தங்கச்சி, கார்டை விடுங்கள். பவர் சப்ளை ஸ்டிக்கரில் எத்தனை வாட்? பைமோல் திறக்கும்போது படத்தை வரைவது எது என்று காட்டும் ஜிஎல் ரெண்டரர் என்று ஒரு வரி வரும், அதில் என்ன இருக்கிறது?

மழைக்காரி, ஹட்டன்:
240 வாட். ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் யூஎச்டி 630 என்று வருகிறது. பெட்டி ஒல்லி, என் கைச்சாண் அகலம்கூட இல்லை.

பேராதனைப் பழசு:
அப்போ பாதி முடிவு பெட்டியே எடுத்துவிட்டது. ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட்டும் தனிப் பவர் வயரும் வேண்டும், உங்கள் பெட்டியில் அந்த வயரே இருக்காது. கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட். அதற்குள் அடங்குவது 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி மாடல். குள்ள வடிவமாகப் பார்த்து, குட்டைப் பிராக்கெட்டும் கூட இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதே 70 வாட்டில், கடைக்காரர் சொன்ன தொழில்முறை வகையில், ஏ2000 உண்டு. ஆனால் கண்ணாடி போட்டு முப்பரிமாணத்தில் பார்க்காதவருக்கு அந்தக் கூடுதல் காசு தேவையில்லை.

இரண்டு இலட்சத்துக்கு மேல் அணுக்கள் என்றாலும் 6 ஜிபி தாராளம். திணறுவது நிழலால்: சாஃப்ட் லைட்டிங் 64 திசைகளிலிருந்து நிழல் போடுகிறது. கார்ட் வரும்வரை லைட்டிங் சிம்பிள் என்று அடித்துப் பாருங்கள். ரே வேறு கதை. அது சிபியூ வேலை, எந்தக் கார்டும் உதவாது.

பண்டாரவளை வயர்மேன்:
ஐப்பசி இடி தொடங்கப் போகிறது, தங்கச்சி. யூபிஎஸ் இருந்தாலும் இடி முழங்கினால் பிளக்கையே கழற்றுங்கள், ரவுட்டர் வயரையும் சேர்த்து. ஒரே மின்னலில் மதர்போர்டைப் பறிகொடுத்தவன் சொல்கிறேன்.

மழைக்காரி, ஹட்டன்:
3050 வாங்கிப் போட்டேன். சிம்பிளில் அப்போதே நன்றாக ஓடியது, ஆனால் சாஃப்ட் போட்டால் இன்னும் அதே திணறல். ரெண்டரர் வரியிலும் பழைய 630தான்!

பேராதனைப் பழசு:
மொனிட்டர் வயர் எங்கே குத்தியிருக்கிறது?

மழைக்காரி, ஹட்டன்:
ஐயோ அண்ணா. பழைய மதர்போர்டு ஓட்டையிலேயே. கார்டில் மாற்றிக் குத்திவிட்டேன், இரைபோசோம் பம்பரம் மாதிரி சுற்றுகிறது. ரே மட்டும் இன்னும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி.