முன் இடது பக்கம் 'டக் டக்' சத்தம்: டாப் மவுண்ட்டா, ஸ்டீயரிங் ரேக்கா?

வணக்கம். முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) உள்ள கார். 20–30 கி.மீ. வேகத்தில் சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் இடது பக்கம் தட்டுகிறது. பெரிய வேகத்தடையில் சத்தமே இல்லை.

வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க்கை இரு பக்கமும் கழற்றிவிட்டு, அந்த பார் எதிலும் இடிக்காதபடி கட்டிவைத்து மெதுவாக ஓட்டியாயிற்று. சத்தம் அப்படியே இருக்கிறது. ஆகவே லிங்க்கைச் சந்தேகிக்க வேண்டாம். பிரேக்கை லேசாக மிதித்தபடி போனாலும் மாறவில்லை என்பதால் பிரேக் பேட், காலிப்பர் பின் (முளை) தளர்வாகவும் தெரியவில்லை. ஷாக்கில் ஆயில் கசிவு இல்லை. பால் ஜாயின்ட்டை நெம்பிப் பார்த்தாலும் ஆட்டமில்லை.

ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கெட்டியாக இருக்கிறது. பக்கவாட்டில் பிடித்தால் மட்டும் மிக லேசான ஆட்டம். ஸ்டீயரிங் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் வெளிமுனையான டை ராட் எண்ட் இறுக்கமாக இருப்பதால், அதே தண்டின் உள் ஜாயின்ட் அல்லது ரேக் புஷ் மீதுதான் சந்தேகம். ஆனால் நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட் மேல்முனையில் கை வைத்தால் சின்ன உதறலும் உணரமுடிகிறது. அங்கே ஸ்ட்ரட்டை பாடியோடு இணைக்கும் டாப் மவுண்ட்தான் காரணமோ என்பதுதான் குழப்பம்.

ஸ்ட்ரட்டைக் கழற்றாமலே இவ்விரண்டையும் பிரித்தறிய நம்பகமான சோதனை உண்டா? ரேக்கின் ரப்பர் உறையை (boot) அழுத்திப் பிடித்து, இன்னொருவர் ஸ்டீயரிங்கை ஆட்டினால் உள் ஜாயின்ட் தேய்மானம் தெளிவாகத் தெரியுமா? டாப் மவுண்ட்தான் என்றால் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லதா?

சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டை, காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசியாக முறுக்கியிருக்கிறது. தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் திருகிக் கிழியும்; அப்படிச் செய்யவில்லை என்பதால் அந்தக் காரணத்தை விலக்கிவிட்டுச் சொல்லுங்கள்.