ஸ்விட்ச் ஓஎல்இடி: ஜாய்கானைக் கழற்றி விளையாடுறது வசதியா?

கேள்வி: கையில நிண்டெண்டோ ஸ்விட்ச் ஓஎல்இடி கேம் கன்சோல். பெங்களூருல தினமும் மெஜஸ்டிக்–ஒயிட்ஃபீல்டு மெட்ரோ பயணம். வீட்ல ரெண்டு பேர் விளையாடணும். ரெண்டு பக்கமும் கழற்றி மாட்டுற ஜாய்கான் போதுமா, தனி கன்ட்ரோலர் வேணுமா?

பதில் 1: மெட்ரோல கழற்றவே வேணாம். ஜாய்கானோட சேர்த்து எடை சுமார் 420 கிராம். கை வலிக்கக் காரணம் எடை இல்லை, தட்டையான பின்பக்கம். வலது ஸ்டிக் (கட்டைவிரலால தள்ளுற குமிழ்) பட்டனுக்குக் கீழே இருக்கிறதால கட்டைவிரலும் மடங்கியே நிக்கும். பிடி வச்ச கவர் மாட்டுங்க. வீட்ல ரெண்டு பேர்னா ஆளுக்கொரு ஜாய்கானைக் கழற்றிப் படுக்கை வாட்டத்துல பிடிக்கலாம்; பெரிய கைக்கு அது தண்டனைதான்.

பதில் 2: அப்படிப் பிடிக்கும்போது ஸ்ட்ராப் (ஜாய்கான் ஓரத்துல செருகுற, மணிக்கட்டுக் கயிறு உள்ள துண்டு) மாட்டுங்க, இல்லாட்டி ஓரத்துல இருக்கிற சின்ன எஸ்எல், எஸ்ஆர் பட்டனை அழுத்துறது கஷ்டம். ஸ்ட்ராப்ல இருக்கிற + அல்லது − குறியும் ஜாய்கான்ல இருக்கிற குறியும் ஒண்ணா இருக்கணும். மாத்திச் செருகினா சிக்கிக்கும். ஸ்ட்ராப்பைக் கழற்றும் முன்னாடி அதோட லாக்கை எடுங்க.

பதில் 3: ஸ்டிக் தானா நகர ஆரம்பிச்சா முதல்ல செட்டிங்ஸ்ல காலிபிரேஷன் (ஸ்டிக்கோட நடுநிலையைச் சரிப்படுத்துறது). உள்ளே ஸ்டிக் உரசுற கார்பன் தடம் தேய்ஞ்சிருந்தா நகர்றது நிக்காது. காந்தத்தால வேலை செய்யுற, உரசாத ஹால் எஃபெக்ட் ஸ்டிக் மாத்திடுங்க. ஜாய்கான் பின்னாடி நாலு ஒய் வடிவ ஸ்க்ரூ. சாதா ஸ்க்ரூடிரைவர் போட்டா தலை மழுங்கிடும். திறந்ததும் முதல்ல பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்க. எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல ஒய் டிரைவர் தேடிப் பாருங்க.

கேட்டவர்: பெட்டியோட வர்ற கிரிப்ல (ரெண்டு ஜாய்கானையும் செருகிப் பிடிக்கிற பிடி) சார்ஜ் ஏறுமா?

பதில் 1: ஏறாது. சார்ஜிங் கிரிப் தனியா விக்கிறாங்க. கன்சோல் சார்ஜ் ஆகும்போது அதுல மாட்டி வச்சாலே ஏறிடும், காசு மிச்சம்.